நூகு பாய் எடை குறைத்த வண்டி

மேலப்பாளையம் நூகு பாய்க்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்த டாக்டர், வீட்டுக்கு அனுப்பும்போது ஒரே ஒரு விஷயத்தைத்தான் அழுத்திச் சொன்னார். கனம் தூக்கக் கூடாது. நடக்கலாம், மாடி ஏறலாம், புண் ஆறிய பிறகு வேலைக்கும் போகலாம். கனம் மட்டும் ஆகாது. நூகு பாயின் மனைவி நஃபீஸத் ஒவ்வொரு சொல்லுக்கும் தலையை ஆட்டினாள். ஆட்ட வேண்டிய ஆளோ, டாக்டர் அறை ஜன்னல் கண்ணாடியில் படிந்திருந்த உப்புக் கறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடி கழுவுவதுதான் அவர் தொழில். வாளியும் பழந்துணியும் வைத்துத் துடைக்கிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். வாலிபத்தில் ஷார்ஜாவில் கற்றுக்கொண்ட வேலை. சக்கரம் வைத்த தள்ளுவண்டியில் ஒரு தண்ணீர்த் தொட்டி, தண்ணீரை ஏற்றிவிட ஒரு சின்ன மோட்டார், அதற்கு ஒரு பேட்டரி. அங்கிருந்து குழாய் கிளம்பி நீளமான கம்பின் நுனியில் இருக்கிற பிரஷ்ஷுக்குப் போகும். நின்ற இடத்திலிருந்தே இரண்டு மாடி உயரக் கண்ணாடியைத் தேய்த்துக் கழுவிவிடலாம். துடைக்க வேண்டியதில்லை, தானே காய்ந்துவிடும். அவர் ஊர் திரும்பி இதைத் தொடங்கியபோது, வண்ணார்பேட்டையில் ஜனங்கள் பஸ்ஸை விட்டுவிட்டு நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

கூட்டாளி தளவாய் முக்கூடல்காரர். வெல்டிங் பட்டறையில் இருந்தவர். நூகு பாய்க்கு முதல் வண்டியை இரும்பில் அடித்துக் கொடுக்க வந்தவர், வண்டியோடேயே தங்கிவிட்டார். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அந்த இரும்பு வண்டியை மாடிக்கு ஏற்றுவதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். தளவாய் மேலே நின்று கைப்பிடியை இழுப்பார், நூகு பாய் கீழே நின்று தாங்குவார். கனம் முழுக்கக் கீழ்ப்பக்கம்தான் இறங்கும். ஒருநாளாவது இடம் மாறிக்கொள்வோம் என்று தளவாய் கேட்காமல் இல்லை. சொன்னால் கேட்கிற ஆளா நூகு பாய்?

வீட்டில் சும்மா கிடந்த நாட்களில் நூகு பாய்க்கு ஒரே யோசனைதான். வண்டியை இளைக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் துபாயிலிருக்கும் மகன் சொல்கிறபடி மோட்டு வளையைப் பார்த்துக்கொண்டு கட்டிலில் கிடக்க வேண்டும். அப்படிக் கிடப்பதை நினைத்தாலே அவருக்குக் கண்ணீர் முட்டியது. நஃபீஸத்திடம் சொல்லமாட்டார், முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவளுக்குத் தெரியாதா என்ன.

தளவாயோடு மதுரைக்குப் போய்க் கடை கடையாக வண்டி பார்த்தார். ஒன்று மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொள்கிற மாதிரி இருந்தது. சக்கரம் சோடா மூடி அளவு. "நம்ம ரோட்டுல ஒரு பள்ளத்தத் தாண்டுமாவே இது?" என்றார் தளவாய். இன்னொன்று பார்க்க மினுமினுவென்று இருந்தது, தொட்டுத் தூக்கினால் பழைய இரும்பு வண்டியே தேவலை. கடைசியில் அலுமினியச் சட்டம் போட்ட ஒன்றைப் பிடித்தார்கள். காற்றடைக்கிற பெரிய சக்கரம், படியில் முட்டினாலும் ஏறி உட்காரும்.

அதையும் அப்படியே விடவில்லை. தளவாயின் பழைய பட்டறையில் போட்டு இன்னும் இளைக்க வைத்தார்கள். குழாய் சுற்றுகிற இரும்பு உருளையைக் கழற்றி எறிந்துவிட்டு, குழாயைக் கையாலேயே சுருட்டித் தொங்கவிட்டார்கள். பெரிய பேட்டரி போய் லித்தியம் பேட்டரி வந்தது. தொட்டியைச் சிறிதாக்கினார்கள். வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது நஃபீஸத் வெளியே வந்து, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தாள். தூக்க முடிந்தது.

"இது போதுமா?" என்றார் நூகு பாய்.

"வண்டி இளைச்சிட்டு," என்றாள். "தண்ணி இளைக்குமா? தளவாயண்ணே, நீங்க சொல்லுங்க."

அதுதானே நிஜம். தண்ணீருக்கு அதன் கனம் உண்டு, எந்தப் பட்டறையிலும் அதை அறுத்துக் குறைக்க முடியாது. அதற்கும் ஒரு வழி சொன்னார் தளவாய். வெறும் வண்டியை மேலே ஏற்றிவிட்டு, அங்கேயே குழாயில் தண்ணீர் பிடித்துக்கொள்வது. நஃபீஸத் சம்மதித்தாள். ஆனால் பில்டர் என்று ஒன்று இருக்கிறது. உப்பை உறிஞ்சுகிற மணிகள் அடைத்த உருளை. மணிகள் நனைந்து ஊறிவிட்டால் அது மட்டும் வண்டியைவிடக் கனக்கும். போர்வெல் தண்ணீர் என்றால் பில்டர் இல்லாமல் நடக்காது. கண்ணாடி காய்ந்ததும் அம்மை போட்ட முகம் மாதிரி வெள்ளைப் புள்ளி பூத்துவிடும். ஆற்றுத் தண்ணீருக்கு அது வேண்டாம் என்பது நூகு பாயின் கட்சி.

ஷார்ஜாவில் தண்ணீரைச் சோதிக்க மீட்டர் வைத்திருந்தார். ஊருக்கு வந்த பிறகு அதைத் தொடவில்லை. ஒரு வாய் ஊற்றிக் கொப்பளித்தால் போதும், ஆறா போரா என்று சொல்லிவிடுவார். திருநெல்வேலிக்காரன் எவனுக்கும் அந்தக் கர்வம் உண்டு, தாமிரபரணி தண்ணீரை நாக்கு அறியும் என்று. தளவாய் நாக்கு இன்னும் ஒரு படி மேல். ஆற்றங்கரையில் பிறந்த நாக்கு.

ஆபரேஷனுக்குப் பிறகு வந்த முதல் பெரிய வேலை ரமலான் மாதத்தில் வந்தது. ஒரு புதுத் துணிக்கடை. மறுநாள் திறப்பு விழா. டாக்டரிடம் மாத்திரை நேரங்களை மாற்றி எழுதி வாங்கிக்கொண்டு நூகு பாய் நோன்பும் பிடித்திருந்தார். இந்த வேலையை ஒழுங்காக முடித்துவிட்டால் வீட்டில் எல்லோர் வாயும் அடைபட்டுவிடும் என்று நம்பினார். முடிக்க முடியாவிட்டால், தான் முடிந்த ஆள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

கடைக்கு இன்னும் லிப்ட் ஓடவில்லை. கண்ணாடிச் சுவர் முகப்புக்கு மேலே இருந்த மொட்டை மாடியிலிருந்துதான் எழும்பியது, அங்கே நின்றுதான் அதைக் கழுவ வேண்டும். குழாயும் அங்கேயே இருந்தது. பில்டரை லோடு ஆட்டோவிலேயே விட்டுவிட்டு வெறும் வண்டியை ஏற்றினார்கள். வழக்கம்போல நூகு பாய் கீழே. படி திரும்புகிற இடத்தில் ஒரு நிமிஷம் நின்றார், பிறகு ஏறிவிட்டார். மேலே போனதும் கடை மேற்பார்வையாளர் கிங்ஸ்லியிடம், என்ன தண்ணீர் என்று கேட்டார்.

"ஆத்து லைனும் போர் லைனும் ஒரே தொட்டிக்குத்தான் வருது அண்ணாச்சி. எது எப்ப வருதுன்னு எனக்குத் தெரியாது."

நோன்பு வாயில் தண்ணீரை வைக்க அவருக்கு மனமில்லை. தளவாயைப் பார்த்தார். தளவாய் குழாயைத் திறந்து கையில் பிடித்து ஒரு வாய் குடித்தார். கையில் மிச்சமிருந்ததை உதறிவிட்டுப் படிப் பக்கம் பார்த்தார்.

"ஆத்துத் தண்ணிதான்," என்றார். "பில்டர் வேண்டாம்."

நூகு பாய்க்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கம்பு பழையபடி அவர் கைக்குப் பணிந்தது. மேலிருந்து கீழாக வரி வரியாகக் கழுவிக்கொண்டு வந்தார். மதியத்து லுஹர் தொழுகைக்குள் முக்கால்வாசி முடிந்துவிட்டது. தொழுதுவிட்டு வந்து வெயிலில் காய்ந்த கண்ணாடியைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். சுவர் முழுக்கப் புள்ளி. கிங்ஸ்லி ஓடி வந்து, நாளைக் காலையில் முதலாளிக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று தலையில் கையை வைத்துக்கொண்டார்.

நூகு பாய் மறுபடி கழுவினார். பிரஷ்ஷை அழுத்தித் தேய்த்தார். காய்ந்ததும் மறுபடி புள்ளி. பிரஷ்ஷைப் பழித்தார், வெயிலைப் பழித்தார், கடைசியில் தன் கையையே பழித்தார். தளவாய் சொன்ன தண்ணீரைச் சந்தேகப்பட அவருக்குத் தோன்றவே இல்லை. மாலையில் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"என் கை போயிட்டு வே," என்றார். "அழுத்தம் பத்தல. வண்டிய வித்துருவோம். இதோட நான் நிறுத்திக்கிடுதேன்."

தளவாய் குழாயைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

நோன்பு திறக்கும் நேரத்துப் பாங்கு சொன்னபோது நூகு பாய் சட்டைப் பையிலிருந்து பேரீச்சம்பழத்தை எடுத்து வாயில் போட்டார். தண்ணீர் பாட்டில் ஆட்டோவில் இருந்தது. எழுந்துபோய்க் குழாயைத் திறந்து கையைக் குவித்தார்.

"அதக் குடிக்காதீரும்வே," என்று தளவாய் தன் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

அதற்குள் குடித்துவிட்டார். உப்பு. நாக்கில் ஒட்டிப் பிடிக்கிற உப்பு. குழாயை மூடிவிட்டுத் தளவாயைத் திரும்பிப் பார்த்தார்.

"காலையில நீரு குடிச்சது இதத்தானா?"

"ஆமா."

"முக்கூடல்காரனுக்கு இது தெரியலையா?"

"தெரிஞ்சுது."

நூகு பாய்க்கு நெஞ்சுத் தையல் நெடுக வலித்தது. "பின்ன ஏன்வே பொய் சொன்னீரு? மத்தியானத்துல இருந்து கை போச்சு, காலு போச்சுன்னு செத்துக்கிட்டிருக்கேன். தொழிலையே விடுதேன்னு உம்ம மூஞ்சியப் பாத்துல்லா சொன்னேன். அப்பவும் வாயத் திறக்கலையே நீரு."

"திறந்திருக்கணும். தொழில விட்டா உயிரோட இருப்பீரேன்னும் ஒரு நெனப்பு வந்துட்டு, அதான்." தளவாய் பாட்டிலைக் கீழே வைத்தார். "காலையில வெறும் வண்டியத் தூக்கயிலேயே படி வளைவுல நின்னு நெஞ்சப் புடிச்சீரு. நான் மேல நின்னு பாத்தேன். போர் தண்ணின்னு சொன்னா அந்தப் பில்டரையும் கொண்டாரணும். நான் ஒத்தையா தூக்குதேன்னா விடுவீரா? சொல்லும்வே, விடுவீரா? நோன்பு வாயோட கீழ வந்து நின்னு தாங்குவீரு. உம்மப் பொணமாக் கொண்டுபோயித் தங்கச்சி முன்னால போடுததுக்கு, நாலு கண்ணாடி கறையாப் போவட்டும்னு நெனச்சேன். தப்புதான். ஏசும்."

ஏசத்தான் வாயெடுத்தார். கூட்டாளி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் எப்படி ஏசுவது? விட்டிருக்க மாட்டார். அது இரண்டு பேருக்கும் தெரியும். ஒரு நாளும் தண்ணீர் விஷயத்தில் பொய் சொல்லாத மனுஷனைத் தன் பிடிவாதமே பொய் சொல்ல வைத்துவிட்டது என்று நினைத்தபோது, அவருக்குக் கோபத்தைவிட வெட்கம்தான் பெரிதாக வந்தது.

தளவாயின் பாட்டிலை எடுத்து மிச்சத் தண்ணீரைக் குடித்தார்.

"கீழ போயி பில்டரக் கொண்டாருவோம்," என்றார். "முதலாளி வாரதுக்குள்ள முழுசும் திரும்பக் கழுவணும். கிங்ஸ்லி தம்பியையும் கூப்பிடும், ஒரு கை குடுக்கட்டும்."

"நீரு?"

"நான் தொடல."

கிங்ஸ்லி மேலே இருந்து இழுக்க, தளவாய் கீழே நின்று தாங்கினார். நூகு பாய் பின்னால் வந்தார். படி வளைவில் உருளை சுவரில் இடித்துத் தளவாய்க்கு மூச்சு இரைத்தபோது, நூகு பாயின் கைகள் தாமாகவே முன்னே போயின. போன கைகளை இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டி, ஒன்றை மற்றொன்றால் இறுகப் பிடித்துக்கொண்டார். மேலே போய்ச் சேரும்வரை சத்தமில்லாமல் அழுதார். தளவாய் திரும்பிப் பார்க்கவில்லை.