ஒட்டாத ரத்தம்

காரைக்குடி ரத்த வங்கியில்தான் அவரைப் பார்த்தேன். அவருடைய ஆபரேஷனுக்கு ஓ குரூப் ரத்தம் கொடுக்கப் போயிருந்தேன். ஒடிசலான மனிதர். யார் வந்தாலும் பெஞ்சில் நகர்ந்து இடம் விடுவார்.

லேப் அம்மா எங்கள் இருவர் ரத்தத்திலும் லெக்டின் சொட்டினார். விதையிலிருந்து எடுத்த புரதமாம். ரத்த அணுவின் மேலிருக்கும் சர்க்கரையைப் பிடித்து ஒட்டவைக்குமாம். என் ரத்தம் திட்டுத்திட்டாகத் திரண்டது. அவருடையது அப்படியே ஓடியது.

"உங்களுக்கு அந்தச் சர்க்கரையே இல்லய்யா. நீங்க ஓ குரூப் இல்ல, ரொம்ப அபூர்வமான பம்பாய் குரூப். இவுக ரத்தம் சேராது. அதே குரூப் கிடைக்கிற வரைக்கும் ஆபரேஷன் இல்ல. கூடப் பிறந்தவுக இருக்காகளா?"

"ஒத்தையாளு தாயி." சிரித்தார். "ஊருக்கே சீனி வியாதி. எனக்கு மட்டும் சீனி இல்லியாக்கும்!"

நான் எழுந்தேன்.

"எங்குட்டுப் போறீக? ரத்தம் குடுக்காட்டி உக்காரக் கூடாதா?"

உட்கார்ந்தேன். பெஞ்சில் வேறு யாருமில்லை. இருந்தும் அவர் இன்னும் கொஞ்சம் நகர்ந்தார்.