காவுக்குள் நட்ட கற்கள்

“…அப்பிடின்னா இந்தக் கல்லை யாரு பிடுங்குவா? மாமி பிடுங்குவாளா, நீ பிடுங்குவியா? சொல்லு பிள்ளே!” என்று என்னைக் கேட்டுக்கொண்டு நின்றாள் என் மயினி. இடுப்பில் அவள் மகள். அந்தி நேரம். காவின் வாசலில் நானும் அக்கிரகாரத்து மாமியும் மற்றப் பெண்களும் கூடி நின்றிருந்தோம். எதிரே முழங்கால் உயரத்துக்கு ஒரு சர்வே கல். அதன் தலையில் மஞ்சள், காலடியில் எரிகிற அகல்.

மயினி என் கணவருடைய அண்ணன் மனைவி. நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து கரமனையில் பலசரக்குக் கடை போட்ட குடும்பம் எங்களுடையது. கடைக்குப் பின்னால் வயல், வயலைத் தாண்டினால் ஆற்றோரம் வரைக்கும் அந்தக் காவு, நாகர் குடியிருக்கும் காடு. அங்கே ஓர் இலை கிள்ளக் கூடாது, விழுந்த சுள்ளியைக்கூட அடுப்புக்கு எடுக்கக் கூடாது என்று பழைய அரண்மனை உத்தரவு உண்டு. “காவு தீண்டினால் குளம் வற்றும்” என்பது இந்த ஊர்ச் சொல். உச்சி வெயிலிலும் உள்ளே பச்சை இருட்டுத்தான். வயலில் கத்திக்கொண்டிருக்கும் குருவி காவுக்குள் பறந்ததும் சத்தத்தை விட்டுவிடும்.

மயினி பெற்ற பிள்ளைகளெல்லாம் மண்ணுக்குப் போனபின், காவின் நடுவிலிருக்கும் நாகருக்கு அரிசிமாவும் மஞ்சளும் பாலும் படைப்பதாக நேர்ந்து பிறந்தவள் இந்த மகள். “காவு இருக்கிற வரைக்கும் இவளுக்குக் கேடில்லே” என்று பூசை வைத்தவர் சொல்லிவிட்டுப் போனார். சொன்னவர் மறந்திருப்பார், மயினி மறக்கவில்லை. பிள்ளையும் அதற்கேற்ற பிள்ளை. இமை கொட்டாமல் பார்க்கும். காவுப் பக்கம் தூக்கிப் போனால் அழுகை நின்றுபோகும், யாரோ கூப்பிட்டதுபோல் “ம்” என்று பதில் கொடுக்கும். நாங்கள் திரும்பிப் பார்ப்போம். ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

அந்தக் காவை நடுவே பிளந்து, சந்தையிலிருந்து ஆற்றுப் பாலத்துக்கு மோட்டார் ரோடு போடப்போவதாகச் செய்தி வந்தது. வயலைச் சுற்றியும் போகலாம், ஆனால் வளைவு அதிகமாம். ஒரு பகலில் வந்து வரிசையாகக் கல் நட்டுவிட்டுப் போனார்கள்.

மயினி வீடு வீடாக ஏறினாள், மனுவுக்குக் கைநாட்டு வாங்க. கூடவே நான். துணிக்கடைக்காரர் ஒருவர் எங்களைப் பார்த்ததுமே சிரித்தார். “ரோடு வந்தா உங்க கடைக்குத்தான நாலு ஆளு வரும்? வீடு தேடி வந்த லெச்சுமியை வெளக்குமாத்தாலயா அடிக்கியோ?”

“ஆளு வரும் அண்ணாச்சி. காட்டை வெட்டினா பாம்பு எங்க போவும்? உங்க கடையிலதான் பட்டுக்குள்ள சுருண்டு கிடக்கும்!” என்றாள் மயினி.

அவர் சிரித்துக்கொண்டே விரலை நீட்டினார். வேறு சிலர் கதவையே திறக்கவில்லை.

மனுவை எடுத்துக்கொண்டு மலையாளியான ரோட்டு என்ஜினீயரிடம் போனோம். “பார்க்கலாம்” என்றார். திரும்பும் வழியில் அக்கிரகாரத்து மாமி, “பார்க்கலாம்னா பார்க்கமாட்டேன்னு அர்த்தம்டி. நீங்க ஒண்ணு பண்ணுங்கோ. அந்தியில ஒவ்வொரு கல்லுக்கும் விளக்கேத்தி வச்சுடுங்கோ. ஏத்தின விளக்கை எவன் தாண்டுவான்?” என்றாள். எங்கள் பக்கத்தில் விளக்கு வைத்த இடத்தைக் கால் படாமல் சுற்றித்தான் போவார்கள், அவசரத்திலும்.

அப்படியே செய்தோம். கோடரியோடு வந்த ஆட்கள் மஞ்சளும் எண்ணெய்ப் பிசுக்குமாக நின்ற கல்லைப் பார்த்து, தலைத்துண்டை அவிழ்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். பாம்பென்றால் படையும் நடுங்கும் என்று நாங்கள் சிரித்தோம்.

பிறகு எங்கிருந்தோ பெண்கள் வரத் தொடங்கினார்கள். கல்லுக்குச் சிவப்புப் பட்டு சுற்றினார்கள், பால் ஊற்றினார்கள். கல் வளர்கிறது என்றாள் ஒருத்தி. நான் நம்பவில்லை. நம்பாதவள் மறுநாள் போய் என் முழங்காலோடு அதை ஒட்டவைத்துப் பார்த்தேன்.

கடைசிக் கல் காவின் உள்ளே, நாகருக்குப் பக்கத்தில். அதற்கு விளக்கு வைப்பது மாமி என்று நான் நினைத்திருந்தேன். நான் என்று மாமி நினைத்திருந்தாள். பேச்சுவாக்கில் கேட்டபோதுதான் இருவருமே இல்லை என்று தெரிந்தது. மயினியும் இல்லை. மூவருமாக உள்ளே போய்ப் பார்த்தோம். விளக்கு எரிந்துகொண்டிருந்தது, எண்ணெய் விளிம்பு வரைக்கும். காற்றே இல்லை, ஆனால் சுடர் நாகர் பக்கம் சாய்ந்திருந்தது. பிள்ளை அதைப் பார்த்து “ம்” என்றாள். மாமி என் கையைப் பற்றிக்கொண்டாள், வாசல் வரும்வரை விடவில்லை.

ஓர் அந்தியில் என்ஜினீயர் தாமே வந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் வாசலில் நின்று உள்ளே பார்த்துச் சிரித்தார்.

“கொள்ளாமே, நல்லாயிருக்கே! காடும் வெட்டித் தெளிச்சாச்சு, விளக்கும் போட்டாச்சு. என் ஆள்காருக்கு இனி என்ன ஜோலி?”

திரும்பிப் பார்த்தேன். விளக்குகள் நூல் பிடித்தாற்போல் ஒரே கோடாக இருட்டுக்குள் போயின. விளக்குக்கும் விளக்குக்கும் நடுவே தரை வெள்ளையாகக் கிடந்தது. புல் இல்லை, செடி இல்லை. பால் செம்பு ஏந்தி வந்தவர்கள் விலக்கி விலக்கி இருபுறமும் கிளைகள் ஒடிந்து தொங்கின. இலை கிள்ள அஞ்சிய நாங்கள் காலாலேயே ஒரு மாட்டுவண்டி போகிற அகலத்துக்கு வழி வெட்டியிருந்தோம். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை.

“பேடியில்லாத, பாம்புக்குப் பயமில்லாத ஆள்காரைக் கூட்டிட்டு நாளைக் காலையில நான் வரும்” என்றார் அவர்.

“கல்லு இல்லேன்னா?” என்றாள் மயினி.

“கல்லில்லேன்னா முதல்ல இருந்து அளக்கணும். அதுக்கு மழைக்காலம் கழியணும். நிங்களும் மேல போய்ச் சங்கடம் சொல்லலாம். பட்சே அம்மே, பூசிச்ச கல்லை நிங்களே பிடுங்குமோ?” என்று கேட்டுவிட்டு மோட்டாரில் ஏறிப் போனார்.

மாமிதான் முதலில் பேசினாள். “விளக்கேத்தினவாளே பிடுங்கினா, அவா வயத்துல பொறந்தது தங்காதுடி.”

அதற்குத்தான் மயினி, இந்தக் கல்லை யாரு பிடுங்குவா என்று கேட்டாள். கல் நின்றால் காவு போகும், காவு போனால் பிள்ளை போகும் என்பது அவள் நம்பிக்கை. கல்லைப் பிடுங்கினாலும் போவது பிள்ளைதான் என்கிறாள் மாமி. காவுக்குள் விளக்குகள் அசையாமல் எரிந்தன.

மயினி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு மகளை என் இடுப்புக்கு மாற்றினாள். குனிந்து, எரிகிற அகலை அணையாமல் எடுத்து மாமியின் உள்ளங்கையில் வைத்தாள். முந்தியை வரிந்து செருகிக்கொண்டு, பட்டோடும் மஞ்சளோடும் கல்லைக் கட்டிப்பிடித்து ஆட்டி ஆட்டிப் பிடுங்கினாள். அதை வயல் பக்கம் உருட்டித் தள்ளிவிட்டு, அடுத்த விளக்கை நோக்கிக் காவுக்குள் தனியே நடந்தாள்.