நெய் மணத்துக்கு ஒரு வேலைநிறுத்தம்

நெய்த் தொழிலில் மூக்குதான் முதலாளி. மற்ற எல்லோரும், கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் உட்பட, கூலிக்காரர்கள். கொடி பிடித்து வாசலில் நின்று கால் மரத்துப்போனவர்களுக்காக இதை எழுதுகிறேன், மற்றவர்களுக்குப் புரியாது.

மெஷின் வந்தது

எழுபதுகளின் கடைசியில் மதுரையில் ஒரு நெய்க்கடையில் மத்துப் பிடித்தேன். சோழவந்தான் பக்கத்திலிருந்து வரும் பாலை உறை ஊற்றித் தயிராக்கி, கடைந்து, வெண்ணெய் எடுத்து உருக்குவோம். ஆறு பேர். நான் சங்கச் செயலாளரும்கூட. ஒரு நாள் முதலாளி, பாலிலிருந்து நேராகக் கிரீம் பிரிக்கும் மெஷினை இறக்கினார். அந்தக் கிரீமைக் கடைய ஒரு மோட்டாரும் வந்தது. இனித் தயிர் வேண்டாம், மத்து வேண்டாம், மாதக் கடைசியோடு நாங்களும் வேண்டாம்.

புது நெய் கண்ணாடி போல இருந்தது. மணம்தான் இல்லை. வாடிக்கையாக வாங்கும் டீச்சரம்மா டின்னைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தார். "ஏங்க, வாசனையை எடுத்துக்கிட்டு மிச்சத்தைக் குடுத்தீகளாக்கும்?"

கிருமியும் தொழிலாளிதான்

மணம் எங்கே போனது என்று விளக்கியவர், கல்லூரியில் வேதியியல் நடத்தும் ஒரு வாடிக்கையாளர். தயிரில் இருக்கும் கிருமி பாலைப் புளிக்க வைப்பதோடு நிற்பதில்லையாம். கொழுப்பு அமிலங்கள் சிலவற்றையும் பிடித்து வேறொன்றாக மாற்றிவிடுகிறதாம். உருக்கும் சூட்டில் அதுதான் மணமாகக் கிளம்புகிறதாம். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன், துண்டறிக்கை படித்தே தேறியவன். எனக்கு உடனே விளங்கியது: உழைப்பது ஒருவன், பேர் வாங்குவது இன்னொருவன். அன்றே அச்சடித்தேன்: 'கிருமியும் தொழிலாளியே!' என்னோடு மத்துப் பிடித்த மூக்கையா படித்துவிட்டுக் கேட்டான். "எல்லாஞ் சரிண்ணே, ஊர்வலத்துக்கு அம்புட்டுப் பேரையும் எதுல வச்சுக் கூட்டியாருவீக?"

மூன்றாம் நாள்

வேலைநிறுத்தம் தொடங்கினோம். கிரீம் கேன் கேனாக உள்ளே; நாங்கள் வாசலில். சித்திரை வெயிலில் கிரீம் கெட்டுப்போய் முதலாளி ஓடி வருவார் என்று காத்திருந்தோம். வரவில்லை. மூன்றாம் நாள் காலையில், எதற்கும் பார்ப்போம் என்று, தன் மச்சானைக் கைக்கு வைத்துக்கொண்டு அந்தப் புளித்த கிரீமையே மோட்டாரில் கடைந்து உருக்கினார். தெருவே மணத்தது. ஜனம் எங்கள் கோஷத்தைத் தாண்டிப் போய் வரிசையில் நின்றது, டீச்சரம்மாவும்தான். முதலாளி என்னைக் கூப்பிட்டு நாற்காலி போட்டார், அதுவரை போட்டதில்லை. "கிரீமையே புளிக்க வச்சாப் போதும்னு இத்தனை நாளாத் தெரியாமப் போச்சே, தோழரே. வழி காட்டுனதுக்கு ரொம்ப நன்றி."

கைப்பழக்கம்

மாதக் கடைசியில் ஐந்து பேர் வெளியே வந்தோம். உறை ஊற்ற மூக்கையாவை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. வெறும் கிரீம் அந்த வெயிலில் நாறியிருக்க வேண்டுமே, மணமாகப் புளித்தது எப்படி? அவனைப் பிடித்து உலுக்கினேன். வெளிநடப்பு அன்று, கோஷம் போட்டுக்கொண்டே, ஒவ்வொரு கேனிலும் ஒரு கரண்டி உறைமோர் விட்டிருக்கிறான். "வேணும்னு செய்யலண்ணே. உறை ஊத்தாம வீட்டுக்குப் போனா எனக்குத் தூக்கம் வராது."

நான் நடத்திய வேலைநிறுத்தங்களில் முதலாளிக்கு லாபமாக முடிந்தது இது ஒன்றுதான் என்று சொல்லிக்கொள்ளத்தான் ஆசை.