செங்கடலில் மாமி

நீச்சல் உடைக்கு மேல் ஒரு துவாயைப் போர்த்திக்கொண்டு, மாமி அந்தக் கடிதத்தை நீட்டிய நிமிடத்தை நான் இன்னும் மறக்கவில்லை. கடவுச்சீட்டுக்குள் நான்காக மடித்து வைத்திருந்தார். அவர் கடலுக்கடியில் இறங்கிச் சுழியோடத் தடையில்லை என்று எங்கள் குடும்ப மருத்துவர் எழுதிய கடிதம். என்னைத் தாண்டி, படகிலிருந்த சுழியோடும் ஆசிரியையிடம் கொடுத்தார்.

மாமி என் மனைவியின் தாய். மன்னாரில் கடலோரம் பிறந்தவர். அப்போது அவருக்கு ஐம்பத்தொன்பது வயது. லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு பாடசாலையில் விடியக்காலைத் துப்புரவு வேலை. நானும் மனைவியும் சுழியோடச் செங்கடலுக்குப் புறப்பட்டபோது "நானும் வாறன்" என்றார். படகில் இருந்து கரையைப் பார்ப்பார் என்று நினைத்தோம். பார்க்கவும் நிறைய இருந்தது. சினாய்ப் பாலைவனம் அங்கே வந்து கடலில் முடிகிறது. ஒரு புல்கூட இல்லாத மலைகள், காலையில் செங்கல் நிறத்திலும் மத்தியானத்தில் சாம்பல் நிறத்திலும் நேரே தண்ணீருக்குள் இறங்கின. அடிவாரத்தில் இளம்பச்சையாக இருந்த கடல், சற்றுத் தள்ளிக் கருநீலமானது. இரண்டு நாட்கள் அந்தக் கரையோரமாகவே போனோம். மாமி படகின் முன்பக்கத்தை விட்டு நகரவில்லை. மூன்றாம் நாள்தான் கடிதம் வெளியே வந்தது.

"ஏலாது மாமி. கீழ போகப் போக அமுக்கம் கூடும். உங்கட வயசில..." என்று தொடங்கினேன்.

"டொக்டருக்கு என்ர வயசு தெரியும் தம்பி. தெரிஞ்சுதான் எழுதித் தந்தவர்."

"அம்மா, உங்களுக்கு நீந்தவே தெரியாதே" என்றாள் மனைவி.

தெரிந்திருந்தது. ஒன்றரை வருடமாக, வேலை முடிந்ததும் கவுன்சில் நீச்சல் குளத்தில் பெண்களுக்கான வகுப்புக்குப் போயிருக்கிறார். ஈரத்தலையோடு வீட்டுக்கு வந்து மழை என்பார். லண்டனில் அதை யார் சந்தேகிப்பது?

"ஐயாவும் அண்ணைமாரும் சங்கு குளிக்கப் போவினம்" என்றார், குரலை உயர்த்தாமல். "பொம்பிளை ஏறினா வள்ளத்துக்கு ஆகாதெண்டு என்னைக் கரையில விட்டிட்டுப் போவினம். அவை கொண்டு வாறதைக் கழுவிறது மட்டும் என்ர வேலை. நீங்களும் இப்ப அதைத்தானே சொல்லுறியள்."

பாதுகாப்பைப் பற்றித்தான் பேசுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவருடைய ஐயாவும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருப்பார் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஆசிரியை மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். ஒரு நிமிடத்தில் இருவரும் மேலே வந்துவிட்டார்கள். காதுவலி. மாமியின் முகம் வெளிறியிருந்தது. தண்ணீரில் மிதந்துகொண்டிருந்த எனக்கு, உண்மையைச் சொன்னால், ஆறுதலாக இருந்தது.

"காணும் மாமி, ஏறுங்கோ."

அவர் வாயிலிருந்த காற்றுக்குழாயை எடுத்தார். "ஆர் உங்களைக் கேட்டது?"

ஆசிரியை, மூக்கைப் பிடித்து மெல்ல ஊதும் விதத்தை மறுபடி காட்டிக்கொடுத்தார். வலித்தால் உடனே சைகை காட்ட வேண்டும் என்றார். மாமி தலையாட்டினார். இம்முறை முழம் முழமாக, நின்று நின்று இறங்கினார்கள். நானும் பின்னால் போனேன். அடியில் பவளம் வளர்ந்த முருகைக்கற்களுக்கு மேலே செம்மஞ்சள் மீன்கள் கூட்டமாகத் திரும்பின. மாமி அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கற்கள் முடிந்து ஆழம் தொடங்கும் நீலத்தைப் பார்த்தபடி அசையாமல் மிதந்தார். ஆசிரியை மேலே போகலாம் என்று சைகை காட்டினார். மாமி ஒரு விரலை உயர்த்தினார். இன்னும் ஒரு நிமிடம்.

லண்டனுக்குத் திரும்பியதும் கதை பரவியது. விம்பிள்டனில் ஒரு பிறந்தநாள் வீட்டில் உறவுக்காரர் ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "ஆம்பிளையளுக்கு முன்னால அந்த உடுப்போட... நீர் மருமகன், மறிச்சிருக்கலாமே?"

"மறிச்சனான். அவ கேக்கேல்லை. கேக்காதது நல்லதாப் போச்சு" என்றேன். அவர் முகம் சுளித்தார். சுளிக்கட்டும்.

இப்போது மாமிக்கு அறுபத்தாறு. வேலையை விட்டுவிட்டார், குளத்தை விடவில்லை. போன கிழமை ஒரு படகுப் பயணத்தின் விபரங்களை மேசையில் விரித்து வைத்திருந்தார். தான் வரலாமா என்று கேட்கவில்லை. எங்களுக்கு எப்போது லீவு என்று மட்டும் கேட்டார்.