தரையில் வைத்த கை

சின்ன வயதை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது அம்மாவின் கொட்டாவிதான். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிவிட்டு வந்து, சோறு வடித்து, மதியம் பலகைத் தரையில் ஒருக்களித்துப் படுப்பாள். ஒரு கை தலைக்கடியில், மறு கை விரித்தபடி தரைமேல். குளிர்ச்சிக்காக அப்படி வைக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். அரைத் தூக்கத்தில் விருட்டென்று எழுந்து உட்காருவாள். எங்கள் நிக்கோபார் தீவான கட்சாலில் சுனாமி வந்தபோது அண்ணனைத் தண்ணீர் கொண்டுபோனது எனக்குத் தெரியும். நான் அதற்குப் பிறகு பிறந்தவள். வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை.

அம்மாவின் தம்பி எங்களோடுதான் இருந்தார். கல்யாண வீடுகளில் டிரம் வாசிக்கும் மாமா. உப்புக்காற்றில் அவருடைய செட் துருப்பிடித்துப் போனதும், தானே எலக்ட்ரானிக் டிரம் செய்ய இறங்கினார். பழைய அலாரக் கடிகாரங்களைப் பிரித்து, உள்ளேயிருக்கும் பித்தளை வில்லைகளை எடுத்து, ஒயர் பற்றவைத்து, தேய்ந்த ரப்பர் செருப்புகளுக்கு அடியில் ஒட்டினார். செருப்பில் தட்டினால் அதிர்வு ஒயர் வழியாகப் பெட்டிக்குப் போய் ஸ்பீக்கரில் ‘தொம்’ என்று கேட்க வேண்டும். முதல் வாரம் தட்டினால் கேட்காது, பூனை நடந்தால் கேட்கும். கோயில் திருவிழாவுக்கு வாசிக்க ஒப்புக்கொண்டாகிவிட்டது. ஒரு செருப்பு எனக்கு என்றும் முடிவாகி, பள்ளிக்கூடம் முழுக்க நான் பீற்றிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் மதியம் அம்மா படுத்திருக்கும்போது ஸ்பீக்கர் தொம் தொம் என்றது.

“தம்பி, செத்த கண்ண மூட விடுடா. ஒடம்பு முடியல.”

“சச்சிக்கா, நான் தொடவே இல்ல.”

மாமா வாசலில் டீ கிளாஸோடு நின்றிருந்தார். அம்மா எழுந்து மூலையிலிருந்த தண்ணீர் வாளியைப் பார்த்தாள். உள்ளே தண்ணீர் லேசாக நடுங்கி அடங்கியது.

“நெலம் ஆடுனது என் கைக்கே தெரியலயேடா. அதுக்குத் தெரிஞ்சிருக்கு,” என்றாள். பெட்டியைக் காட்டி, “அத எனக்குக் குடுத்துடு,” என்றாள்.

மாமா பலகையில் படாமல் மண்ணில் தனியாக ஒரு கட்டை அடித்து, அதன்மேல் வில்லையைப் பொருத்தினார். யார் நடந்தாலும் சத்தம் வரவில்லை. ஸ்பீக்கரும் இருந்த ஒரே பெட்டியும் அம்மாவின் தலைமாட்டுக்குப் போயின. திருவிழாவுக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டு வந்தார்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அம்மாவுக்கு எதற்கு டிரம்? அவள் என்ன வாசிக்கவா போகிறாள்?

மறுநாள் நியாயம் கேட்கத்தான் வீட்டுக்குள் போனேன். அம்மா இரண்டு கைகளையும் கன்னத்துக்கடியில் மடித்து வைத்து, வாய் லேசாகத் திறந்திருக்க, குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். என் டிரம்மைப் பிடுங்கிக்கொண்டு தூக்கம் வேறு. எழுப்பியே தீருவது என்று அவள் தோளைத் தொடப் போனேன். மாமா பின்னாலிருந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். திரும்பிப் பார்த்தால், அவர் அழுதுகொண்டிருந்தார். திருவிழா போன வருத்தம் அவருக்கும் இருக்கிறதே என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.