வாய்விட்டு யோசித்தவள்

ஆராய்ச்சி முறைகள் வகுப்பில் 'வாய்விட்டு யோசித்தல்' என்றொரு உத்தியைச் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. படிக்கிறவர் மனசில் ஓடுவதையெல்லாம் சத்தமாகச் சொல்ல வேண்டும். ஆய்வாளர் சரி, தப்பு என்று வாயே திறக்கக் கூடாது. நான் வாயை மூடிக்கொண்டிருப்பது நடக்கிற காரியமா?

ஒத்திகைக்கு, வேங்கிக்காலில் என் பக்கத்து வீட்டில் சித்தியோடு தங்கிக் கல்லூரிக்குப் போகும் பெண்ணைப் பிடித்தேன். ஜைன விவசாயக் குடும்பம்; பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார்கள். ஆங்கிலத்தில் அரியர்.

"இந்த வாட்டியும் போச்சுன்னா காலேஜ விட்டு நின்னுடுவேன்க்கா. எனக்கெல்லாம் இங்கிலீஷ் ஏறாது" என்றாள்.

நெல்லை விட்டு நிலக்கடலைக்கு மாறிய விவசாயி ஒருவரைப் பற்றிய ஆங்கிலப் பத்தியைக் கொடுத்து, செல்போனில் பதிவை ஓடவிட்டேன்.

"கெணத்துல தண்ணி வருஷா வருஷம் கீழ போவுது... பாவம்... இந்த வார்த்த தெரியல, பின்னாடி பாப்போம்... ஓ, வறட்சியா! நெல்லு ஜாஸ்தி குடிக்கும், அதான் மல்லாட்ட போட்டுட்டாரு... ஐயோ, பொழுது சாயறதுக்குள்ள சாப்புடணும், இல்லன்னா ராத்திரி பட்டினிதான்... சரி, எங்க விட்டேன்..."

அடேயப்பா! எனக்குப் புல்லரித்துவிட்டது. படிப்பது என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோமே, அதற்குள் இத்தனை நடக்கிறதா? தெரியாத சொல்லைத் தாண்டிப் போகிறாள், திரும்பி வந்து பிடிக்கிறாள், நடுவில் பசிக்கிறது, மறுபடி வயலுக்குள் இறங்குகிறாள். இன்னொருத்தி மனசுக்குள் உட்கார இடம் கிடைத்த மாதிரி இருந்தது. மூச்சுவிடக்கூடப் பயமாக இருந்தது.

பிறகு, நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி. அவர் ஏன் பயிரை மாற்றினார்? தண்ணீர்ப் பஞ்சம் என்ற விடையில் பென்சிலால் டிக் போட்டாள். பென்சில் நகரவில்லை.

"எனக்கே தெரியுதுன்னா இது ஆன்சரா இருக்காது. இவ்ளோ ஈசியா கேக்க மாட்டாங்க."

அழித்துவிட்டு, நெல் விலை சரிந்தது என்பதில் டிக் போட்டாள். அடிப்பாவி என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முறை முறைதான். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பதிவைப் போட்டுக்காட்டி, அந்த இடத்தில் என்ன நினைத்தாய் என்று கேட்பது அடுத்த கட்டம். போட்டேன். தன் குரல் கதையை ஒரு பிசகும் இல்லாமல் சொல்லிக்கொண்டு போவதை வாய் பிளந்து கேட்டாள்.

"இது நானாக்கா?"

"நீயேதான்."

அழித்த இடம் வந்தது. அவளே போனை நிறுத்தினாள். கண் கலங்கிவிட்டது.

"எல்லாப் பரீட்சையிலயும் இப்பிடித்தான்க்கா அடிச்சிட்டு மாத்தி எழுதனேன்."