எட்மண்டன் கூற்றத்து இலுப்பங்கேணி

வட லண்டனில், எட்மண்டன் பெருந்தெருவில் தெற்கே நடந்துகொண்டிருந்தேன். தோளில் உடுப்புப் பை, கையில் சுருட்டிய போர்வை. கோயில் ஒலிபெருக்கி இரண்டு தெருக்களுக்கு அப்பாலும் கேட்டது. யாராவது பின்னால் வருகிறார்களா என்று மூன்று தடவை திரும்பிப் பார்த்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். பல இடங்களிலிருந்து இப்படிப் புறப்பட்டிருக்கிறேன். எழுதியதற்காக வெளியேற்றப்பட்டது அதுதான் முதல் தடவை.

வெளியேற்றியவர் கோயில் செயலாளர். இலங்கையில் நில அளவையாளராக இருந்தவர். கோயிலைக் கழுவித் துடைத்த எனக்குப் பின்னறையைத் தந்தவரும் அவர்தான். அங்கே ஒவ்வொரு நாள் திருவிழாவையும் இலங்கையின் ஓர் ஊர்க்காரர் தங்கள் செலவில் உபயமாகச் செய்வார்கள்; பூசையில் ஐயர் அந்த ஊரின் பெயரை மைக்கில் சொல்வார். முந்திய வருடம், தேர்வடத்தை யார் முதலில் தொடுவது என்று இரண்டு ஊர்க்காரர் அடிபட்டுப் பொலிஸ் வந்தது. இன்னொரு சண்டை நடந்தால் தெருவில் தேர் ஓட அனுமதியில்லை என்று கவுன்சில் கடிதம் போட்டது. அந்தக் கடிதத்தைச் செயலாளர் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். கடைசியில் சோழர் காலத்துக்குப் போனார். அப்போது சில ஊர்களைச் சேர்த்து ஒரு கூற்றமாக வகுத்து ஆண்டார்களாம். லண்டன் வரைபடத்தில் சிவப்புப் பேனாவால் ஐந்து கூற்றங்கள் கீறினார். இனி உபயம் ஊரின் பெயரில் இல்லை, குடியிருக்கும் கூற்றத்தின் பெயரில்.

"அப்ப ஸ்ட்ரெதம்காரர் நாங்கள் படையெடுத்து வரலாமோ, அண்ணை?" என்று தென் லண்டன் ஸ்ட்ரெதமிலிருந்து வந்த ஒருவர் கூட்டத்தில் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

மடப்பள்ளியில் சமைத்த அக்கா சிரிக்கவில்லை. ஆறாம் திருவிழா அவருடைய ஊரான இலுப்பங்கேணிக்கு உரியது. அந்த ஊரை இராணுவம் முகாமுக்கென்று எடுத்து வீடுகளை இடித்துவிட்டது. ஊர்க்காரர் பல நாடுகளுக்குச் சிதறிப்போக, கணவரும் இறந்தபின், உபயத்தை அக்கா தனியாகச் செய்துவந்தார். "அங்க கல்லுக்கு மேல கல்லு இல்லைத் தம்பி. வருஷத்தில ஒருக்கா மைக்கில பேர் கேக்கிறதுதான் மிச்சம். அதையும் உவர் அழிச்சுப்போட்டார்" என்றார். பூசணிக்காயை வெட்டிய கை நிற்கவில்லை. "பேர் சொல்லாட்டி இதுதான் நான் இஞ்ச செய்யிற கடைசி உபயம்."

செயலாளரின் பட்டியலைப் பார்த்து ஐயர் மைக்கில் வாசிக்கும் துண்டுச் சீட்டை எழுதிக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. வரைபடத்தைச் சுவரில் ஒட்டிய அன்று, அந்தக் காலத்தில் எப்படி எழுதினார்கள் என்று செயலாளரிடம் சும்மா கேட்டேன். அவருக்குப் பெரிய சந்தோஷம். "கல்வெட்டில கூற்றம் முன்னுக்கு வரும், ஊர் பின்னுக்கு வரும். இன்ன கூற்றத்து இன்ன ஊர் எண்டு" என்றார். தான் செய்த பிழையைத் தன் வாயாலேயே சொன்னார். அது அவர் காதில் விழவில்லை. கூற்றத்தை வைத்த சோழர் ஊரின் பெயரை அழிக்கவில்லை.

ஆறாம் நாள் காலை பட்டியலில், அக்கா குடியிருந்த 'எட்மண்டன் கூற்றம்' என்று மட்டும் இருந்தது. என் பின்னறையை நினைத்துக்கொண்டேன். பிறகு துண்டில் 'எட்மண்டன் கூற்றத்து இலுப்பங்கேணி' என்று எழுதினேன்.

ஐயர் அப்படியே வாசித்தார். அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். மண்டபத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் எழுந்தது: "அப்ப எங்கட ஊர்?" இன்னொரு குரல். வடத்துக்கு அடிபட்ட இரண்டு ஊர்க்காரரும் எழுந்து நின்றார்கள். செயலாளர் ஐயரின் கையிலிருந்த துண்டைப் பறித்தார்.

"ஆர் எழுதினது?"

"நான்தான் அண்ணை. நீங்கள் சொன்ன மாதிரித்தான்."

"தேர் ஓடாட்டி நீதான் பொறுப்பு. இண்டைக்கே அறையை விடு."

அவர் கை, கவுன்சில் கடிதம் இருந்த சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தது. அது கோபமில்லை, பயம். அந்தப் பயம் தவறென்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. அன்று யாரும் யாரையும் அடிக்கவில்லை என்பதும், ஏழாம் நாள் துண்டை அவரே, கூற்றமும் ஊருமாக, எழுதிக் கொடுத்தார் என்பதும் நான் பிறகு கேள்விப்பட்டவை. தேர் ஓடியது.

அது எதுவும் தெரியாமல் அன்றிரவு ஸ்ட்ரெதமில் ஒரு சிநேகிதனின் சோபாவில் படுத்தேன். காலையில் அவன் என்னைப் வீடுகளுக்குப் போகும் பொதிகளை வட்டாரவாரியாகப் பிரிக்கும் கிடங்கொன்றில் சேர்த்துவிட்டான். வட்டார எண்ணைப் பார்த்து அந்தந்தக் கம்பிக் கூண்டில் போடவேண்டும், அவ்வளவுதான் வேலை. ஒவ்வொரு பொதியிலும் எண்ணுக்கு மேலே தெருவும் வீடும் ஆளின் பெயரும் இருந்தன. மேற்பார்வையாளர், எண்ணை மட்டும் பார், மற்றதை வாசித்தால் நேரம் போகும் என்றார். நான் தலையாட்டிவிட்டு வாசித்துக்கொண்டே போட்டேன்.